ஹைப்போகுளோரஸ் அமிலம்: வாசகர் கேள்வி-பதில்

பாட்டிலில் 'அமிலம்' என்று போட்டிருக்கிறது. குழந்தையின் கை வெந்துவிடாதா?

வேகாது. கிருமிநாசினியாக விற்கும் ஹைப்போகுளோரஸ் மிக வலுக்குறைந்த அமிலம். நம் ரத்த வெள்ளணுக்களே கிருமியைக் கொல்ல இதைத்தான் உண்டாக்குகின்றன. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 100, 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100, 200 பங்கு), மற்றதெல்லாம் தண்ணீர். ஆனால் குழந்தை குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ளீச்சும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. குளோரின் கரைசலின் பிஎச் (அமில, கார அளவு) 7.5க்குக் கீழே இறங்கினால் ஹைப்போகுளோரஸ் அதிகம், மேலே ஏறினால் ஹைப்போகுளோரைட் அதிகம். ப்ளீச்சின் பிஎச் 11க்கும் மேல், அதனால் அதில் இருப்பது ஹைப்போகுளோரைட்தான். விரலில் பட்டதும் வழவழப்பது அந்தக் காரத்தால்தான்.

ப்ளீச்சில் வினிகர் ஊற்றினால் வீட்டிலேயே தயாரிக்கலாமாமே, அளவு என்ன?

அளவு சொல்ல மாட்டேன். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் இப்ரே போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ப்ளீச்சோடு வினிகர், கழிவறை ஆசிட், அமோனியா எதுவும் சேரக் கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வருகிறது.

போன வருடம் வாங்கியது, ஜன்னலோரம் இருக்கிறது. வேலை செய்யுமா?

எத்தனை பிபிஎம், எந்த மாதம் தயாரித்தது, எதையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? வெயிலும் வெளிச்சமும் பட்டால் இது சிதைந்து உப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். குளோரின் சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறவில்லையென்றால் கொட்டிவிடுங்கள். அடுத்த பாட்டிலையாவது இருட்டில் வையுங்கள்.

எங்கள் கடை வாசலில், வருகிறவர்கள் மேல் பனிபோல் தெளிக்க இயந்திரம் வைக்கலாமா?

வேண்டாம். கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தை வாசலில் சுரங்கம்போல் ஒரு கூடாரப் பாதை அமைத்து, உள்ளே நுழைகிறவர்கள் மேல் ஹைப்போகுளோரைட் தெளித்தார்கள். பிற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று அறிவித்தது. நோய்க்கிருமி தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கும்போது சட்டையை நனைத்து என்ன பயன்? கண் எரிகிறது; ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இழுக்கிறது. ஹைப்போகுளோரஸ் மென்மையானது என்பதால் மூச்சோடு உள்ளே இழுக்கலாம் என்றாகாது. வியர்வையும் அழுக்கும் பட்ட இடத்தில் குளோரின் அங்கேயே தீர்ந்தும் போகும். அதே வருடம் ஜப்பான் சோதித்துச் சொன்ன முறை துடைப்பது: முதலில் அழுக்கை நீக்கி, 80 பிபிஎம்முக்குக் குறையாத கரைசலால் மேசையைச் சொட்டச் சொட்ட நனைத்து, 20 விநாடி கழித்துத் துடைக்க வேண்டும். இயந்திரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் வாசலில் குழாயும் சோப்பும் வையுங்கள்.

வெள்ளிக் கொலுசை இதில் ஊறவைக்கலாமா?

கறுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.