நுரை ஏன் நிக்க மாட்டேங்குது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஹட்டன் டவுன்ல ஒரு பிரஷும் டப்பால வர்ற ஷேவிங் சோப்பும் வாங்கினேன். நுரை பொங்கித்தான் வருது, ஆனா ஒரு கன்னம் வழிச்சு முடிக்கிறதுக்குள்ள மத்த கன்னத்துல காஞ்சு போயிருது, பிளேடு இழுக்குது, எரியுது. எங்க பிழை விடுறேன்? (மஸ்கெலியா)

பதில்: தம்பி, உங்க பிரஷ்ல சோப் பத்தல. சலூனுக்கு வேலை பழக வர்ற பொடியன்மாரும் மொதல்ல இதே பிழையத்தான் விடுவாங்க, சோப் மேல பிரஷ நாலு சுத்து சுத்திட்டு நேரா முகத்துக்குப் போயிருவாங்க, வெள்ளையா பொங்கும், நெறைய இருக்கிற மாதிரி தெரியும், ஆனா அதுல பாதிக்கு மேல காத்து. காத்து நுரை காயத்தான் செய்யும்.

நான் எப்படி செய்றேன்னு சொல்றேன், அப்படியே செஞ்சு பாருங்க. மொதல்ல முகத்த கை பொறுக்கிற சூட்டுத் தண்ணில நல்லா கழுவி ரெண்டு மூணு நிமிஷம் ஈரமா வச்சிருங்க, தாடி மயிர் தண்ணி குடிச்சா மெதுவாயிரும், இத விட்டுட்டு எவ்வளவு நல்ல நுரை போட்டும் பிரயோசனமில்ல. அந்த நேரத்துல பிரஷையும் சுடுதண்ணில போட்டு வைங்க. உங்களோடது பன்றி மயிர் பிரஷ்னா மூணு நிமிஷமாவது ஊறணும், செயற்கை மயிர்னா சும்மா முக்கி எடுத்தா போதும். கேத்தல்ல கொதிக்கிற தண்ணிய மட்டும் பிரஷ் மேல ஊத்திராதீங்க, மயிரப் புடிச்சிருக்கிற பசை விட்டு கொத்துக் கொத்தா கொட்டிரும்.

இப்ப பிரஷ எடுத்து ரெண்டு உதறு உதறுங்க. ஈரம் இருக்கணும், சொட்டக்கூடாது. சோப் மேல வச்சு மனசுக்குள்ள முப்பது எண்ணுற வரைக்கும் சுத்துங்க, அவசரப்படாதீங்க தம்பி, இந்த முப்பதுலதான் எல்லாமே இருக்கு. மொதல்ல பெரிய பெரிய குமிழியா வரும், பெறகு குமிழி சின்னதாகி கடைசில பிரஷ் நுனியில பசை மாதிரி கெட்டியா ஒட்டும். அந்தப் பசை வந்தாத்தான் பிரஷ்ல சோப் ஏறியிருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது ஒரு பீங்கான் கோப்பை, இல்லாட்டி உள்ள நல்லா சுரண்டி வழவழப்பாக்கின சிரட்டை. அதுல பிரஷ சுத்திக்கிட்டே விரல் நுனியால சொட்டுச் சொட்டா தண்ணி விடுங்க, ஒவ்வொரு தடவைக்கும் பத்துப் பதினைஞ்சு சுத்து. காதையும் கொஞ்சம் குடுங்க: மொதல்ல சரசரன்னு கேக்கும், தண்ணி சேரச் சேர சத்தம் கொறஞ்சு கடைசில ஒண்ணுமே கேக்காது. நுரை மங்கலா, பிரஷ தூக்கினா முள்ளு மாதிரி விறைச்சு நின்னா இன்னும் தண்ணி வேணும். கண்ணுக்குத் தெரியுற குமிழியோட வழிஞ்சா தண்ணி கூடிப்போச்சு, திரும்ப சோப்புக்குப் போங்க. சட்டில உறைஞ்ச எருமைத் தயிர கரண்டியால அடிச்சா ஒரு மினுமினுப்பு வருமே, அந்தப் பதம்தான் சரி. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவுல கொஞ்சம் வச்சு தேய்ச்சா வழுக்கணும். உங்க கன்னத்துல காஞ்சு போறத வச்சுப் பார்த்தா சோப்பும் கொறவு, கடைசில விடுற தண்ணியும் கொறவு.

சோப்பும் கிரீமும் ரெண்டும் இருந்தா சேர்த்துப் பாருங்க. சோப்ப மேல சொன்ன மாதிரி ஏத்திட்டு பிரஷ் நடுவுல கடலை அளவு கிரீம் வச்சு கோப்பைல அடிங்க. கிரீம் சட்டுன்னு பெருகும், சோப் தோல்ல ஒட்டி நிக்கும், ரெண்டும் சேர்ந்தா மூணு தடவை வழிக்கிறதுக்கும் மிச்சம் வரும். கிரீம் மட்டும்னா புளியங்கொட்டை அளவு போதும். குளிக்கிற சவுக்காரத்த மட்டும் முகத்துக்குப் போட்டு வழிக்காதீங்க. ஷேவிங் சோப்ல ஸ்டியரிக் அமிலம்ங்கிற கொழுப்பு அமிலம் அதிகம், சோடியத்தோட பொட்டாசியமும் சேர்ப்பாங்க, அதனாலதான் அது சீக்கிரம் கரைஞ்சு சின்னக் குமிழியா நின்னு பிடிக்குது.

நம்ம பக்கத்துக் குளிருக்கு இன்னொண்ணு. நுவரெலியால ஜனவரி பெப்ரவரி காலைல புல்லு வெள்ளையா உறைஞ்சு கெடக்குற நேரத்துல நுரையும் ஜில்லுன்னு ஆயிரும், கோப்பைய சுடுதண்ணி பேசினுக்குள்ள வச்சுக்கிட்டு அடிங்க.

கேள்வி: நான் பதுளை, யாழ்ப்பாணத்துல படிக்கிறேன். வீட்டுல நுரை தள்ளுற அதே சோப் இங்க கிணத்துத் தண்ணில வெள்ளைக் கசடா திரியுது. சோப் பழுதா?

பதில்: சோப்ல பிழையில்ல தம்பி, தண்ணிதான் வேற. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லு மேல இருக்கிற ஊரு, கிணத்துத் தண்ணில கல்சியம் அதிகம், சோப் அதோட சேர்ந்து கசடாயிரும், மிச்சம் இருக்கிறதுதான் நுரைக்கு. நீங்க தங்கியிருக்கிற எடத்துல கேத்தலுக்குள்ள வெள்ளையா படிஞ்சிருக்கும் பாருங்க, அதுதான் ஆளு. நம்ம மலைப் பாறை லேசுல கரையாது, அதனால பீலில வர்ற ஊத்துத் தண்ணி அனேகமா மென்மையா இருக்கும், கொஞ்சம் சோப்புக்கே பொங்கிரும், அந்த அருமை வெளிய போனாத்தான் தெரியுது. தண்ணிய கொதிக்க வச்சு ஆறவிட்டு, அடில படிஞ்சத கலக்காம மேல தெளிஞ்சத எடுங்க, முழுசா போகாது, ஆனா நல்ல வித்தியாசம் தெரியும். மழைத் தண்ணி புடிச்சு வச்சா இன்னும் நல்லது. ஷேவிங்குக்கு அரைப் போத்தல் போதும்தானே. சோப்பையும் முப்பதுக்கு அம்பதா எண்ணி ஏத்துங்க.

கேள்வி: எங்க தாத்தா தோட்டத்து தொர பங்களாவுல அப்புவா, அதாவது சமையல்காரரா இருந்தவர். தொர ஊருக்குப் போகக்குள்ள குடுத்த மயிர் பிரஷ் ஒண்ணு பெட்டில கெடந்து கெடச்சிருக்கு, ரொம்பப் பழசு. அப்பா கழுவிட்டு பாவிக்கலாம்ங்கிறாரு. சரியா அண்ணே? (தலவாக்கலை)

பதில்: வேணாம் தங்கச்சி. மொதலாம் உலக யுத்த காலத்துல சரியா கிருமி நீக்காத குதிரை மயிர்ல செஞ்ச பிரஷால பட்டாளத்துக்காரங்களுக்கு அந்த்ராக்ஸ்ங்கிற உயிருக்கே ஆபத்தான நோய் வந்திருக்கு. அந்தக் கிருமியோட வித்து வருஷக் கணக்கா சாகாம கெடக்கும், சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. உங்க வீட்டுப் பிரஷ்ல இருக்குன்னு நான் சொல்ல வரல, ஆனா 1930க்கு முந்தின மிருக மயிர் பிரஷ முகத்துல வைக்கிறது தேவையில்லாத வேலை, பிளேடு பட்டு சின்னக் கீறல் இருந்தாலே போதும். தாத்தா ஞாபகமா ஒரு உறைல போட்டு பத்திரமா வைங்க. அப்பாவுக்கு செயற்கை மயிர் பிரஷ் ஒண்ணு வாங்கிக் குடுங்க, பாவிச்ச பெறகு நல்லா அலசி உதறி மயிர் கீழ பார்க்கிற மாதிரி ஆணில தொங்க விடச் சொல்லுங்க, நம்ம ஈரத்துக்கு மூடி போட்ட டப்பாக்குள்ள வச்சா பூஞ்சணம் புடிச்சிரும்.