தாத்தாவின் பெட்டியில் கிடந்த வெள்ளி நோட்டுகள் இன்னும் செல்லுமா?

அறந்தாங்கி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் தாத்தா 1940களிலிருந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டுகள் இருக்கின்றன. சிலவற்றில் ஆர்க்கிட் பூ, அதில் ஒன்று 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத்தான் வெள்ளி என்பார்கள்). எருமை பூட்டி உழும் படத்தோடு ஒரு பத்து வெள்ளி. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒரு கட்டு. பணம் மாற்றும் கடையில் எல்லாமே செல்லாது என்கிறார்கள். உண்மையா?"

முழு உண்மை இல்லை. நோட்டை வெளியிட்டது யார் என்று பாருங்கள், பதில் அங்கேதான் இருக்கிறது.

பூப் போட்டவை செல்லும். சிங்கப்பூர் 1965இல் தனி நாடானபோது அதற்கென்று நாணயம் கிடையாது. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியத்தின் வெள்ளியே புழங்கியது. மலேசியாவோடு பொது நாணயம் வைத்துக்கொள்ளப் பேசிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. சிங்கப்பூரின் முதல் வரிசைதான் உங்களிடம் இருப்பது. அது 1976இல் பறவை வரிசைக்கு வழிவிட்டது. அதன் பின் கப்பல், இப்போது முதல் அதிபர் யூசோப் இஸ்ஹாக்கின் முகம். வரிசை மாறினாலும், 1967 முதல் வெளியிட்ட எதையும் சிங்கப்பூர் செல்லாததாக்கவில்லை. நம்மூர்க் கடைக்காரர் மறுப்பதற்குக் காரணம் வேறு: பழைய நோட்டு அவருக்குப் பழக்கமில்லை, வாங்கினாலும் தள்ளிவிட ஆள் கிடைக்காது. சிங்கப்பூர் வங்கியில் கணக்கில் போட்டால் முகமதிப்பு அப்படியே கிடைக்கும்.

ஆனால் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள், முக்கியமாக அந்த 25 வெள்ளியை. அன்றாடப் புழக்கத்துக்கு அந்த மதிப்பில் நோட்டு அடிப்பது ஆர்க்கிட் வரிசையோடு நின்றுபோனது. பறவை வரிசையில் அந்த இடத்துக்கு 20 வெள்ளி வந்தது. சேகரிப்பாளர்கள் முகமதிப்புக்கு மேல் கொடுத்து வாங்கும் நோட்டு அது. மற்றவற்றிலும் கையெழுத்தைப் பாருங்கள். லிம் கிம் சான், கோ கெங் சுவீ, ஹான் சூயி சென் என நிதியமைச்சர்கள் மாற மாறக் கையெழுத்தும் மாறியது. அதைப் பொறுத்து விலையும் மாறும். கசங்கியிருக்கிறதே என்று இஸ்திரி போடுவது, ஈரத்துணியால் துடைப்பது, செலோடேப் ஒட்டுவது எதுவும் வேண்டாம். சேகரிப்பாளர் கண்ணுக்கு அது உடனே தெரியும், விலை பாதியாகிவிடும்.

எருமை நோட்டு நான் சொன்ன பழைய வாரியத்தினுடையது. 1969இலேயே செல்லாததாகிவிட்டது, எந்த வங்கியும் வாங்காது. அழகான நோட்டு, நல்ல நிலையில் இருந்தால் சேகரிப்பாளரிடம் விலை போகும்.

வாழைமர நோட்டுகள் 1942 முதல் 1945 வரை சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானிய ராணுவம் அடித்துத் தள்ளியவை. பலவற்றில் வரிசை எண்கூட இருக்காது, எழுத்து மட்டும்தான். போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார் அவற்றை ஏற்க மறுத்தார்கள். மூட்டையாகச் சேர்த்தவர்கள் கையில் ஒரே நாளில் வெறுங்காகிதம். கட்டுக் கணக்கில் இன்னும் கிடைப்பதால் சேகரிப்பு விலையும் குறைவுதான். லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

பெட்டியில் புருணை நோட்டு ஏதாவது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். 1967 ஒப்பந்தப்படி புருணை டாலரும் சிங்கப்பூர் டாலரும் இன்றும் ஒன்றுக்கு ஒன்று. சிங்கப்பூர் வங்கி வாங்கிக்கொள்ளும். மலேசிய நோட்டுக்கு அந்தச் சலுகை 1973 மே மாதத்தோடு முடிந்தது.

இந்தியாவில் வசிப்பவர் பொதுவாக 2,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டை வீட்டில் வைத்திருக்கலாம். ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள நோட்டுகள் கிடைத்து அந்த அளவைத் தாண்டினால், விற்பதற்கு முன் அந்நியச் செலாவணி பார்க்கும் வங்கிக் கிளையில் கேட்டுவிடுங்கள்.