ஜமுக்காளம் விரித்த வகுப்பறை: வீட்டுக்கல்வி குறித்த வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தார் தங்கள் ஐயங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கொங்குப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு, கோபிசெட்டிபாளையம் அருகே தோட்டத்து வீட்டில் தம் இரு பிள்ளைகளுக்கும் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்த தாய் ஒருவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: எனக்கு 9 வயதில் ஒரு மகனும் 6 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். கடந்த ஜூன் முதல் இருவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித்தருகிறேன். காலையில் குடும்ப ஜெபத்தில் பொறுமைக்காக மன்றாடிவிட்டு எழுகிறேன். 11 மணிக்குள் கத்தத் தொடங்கிவிடுகிறேன். நான் இதற்குத் தகுதியற்றவளா? எங்கள் கால அட்டவணையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– பெருந்துறை அருகிலிருந்து ஒரு சகோதரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, 40 நிமிடத்துக்கு ஒரு பாடம் என்று, ஒரு பள்ளிக்கூடத்தை அப்படியே தூக்கிவந்து உங்கள் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) இறக்கிவைத்திருக்கிறீர்கள். அது ஒரே ஆசிரியர் 40 பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதற்காக ஏற்பட்ட முறை. இரண்டு பிள்ளைகளுக்கு அதில் பாதி நேரம்கூட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பெற்றோருக்கென்றே ஒரு கல்வி முறையை வகுத்தவரும், பல நாடுகளில் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இன்றும் பின்பற்றுபவருமான சார்லட் மேசன் அம்மையார் (1842–1923), சிறு பிள்ளைகளுக்குப் பாடம் ஒன்று 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றும், கேட்டதைப் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும், பிற்பகலை வெளியில் கழிக்க விட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். நானும் கணக்கு, தமிழ், ஆங்கிலம் என்று தொடங்கி, 11 மணிக்கு ஜமுக்காளத்தைச் சுருட்டிவிடக் கற்றுக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் சத்தம் குறைந்தது.

ஆனால் அப்படிக் கற்றுக்கொள்வதற்கு முன் ஒரு நாள் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். என் மகனுக்கு அப்போது 8 வயது. பின்னக் கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. நான் மூன்றாம் முறையாகக் குரலை உயர்த்தியிருந்தேன். அவன் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான். சற்று நேரத்தில் அழிக்கும் சத்தம் நின்றுபோயிற்று. பார்த்தால், அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. அது என் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து மறைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிஞ்சுக் கையை விலக்கியபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை இன்றும் மறக்க முடியவில்லை. நோட்டை மூடிவைத்து, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மாலை என் மாமனார் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனார். "சாமி, இந்தக் கெணத்துல நமக்கு எத்தன பங்குன்னு தெரியுமா?" என்று தொடங்கினார். கிணறு வெட்டிய அண்ணன் தம்பிகள் நால்வர். ஆளுக்குக் கால் பங்கு. அந்தக் கால் பங்கை அப்பாருவும் (தாத்தாவும்) அவருடைய தம்பியும் பிரித்துக்கொண்டதில் ஆளுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதனால்தான் எட்டு நாளைக்கு ஒரு முறை நமக்குத் தண்ணீர் முறை வருகிறது. நாளைக்கு அதையும் உன் அப்பனும் சித்தப்பனும் பிரித்தால் ஆளுக்கு வீசம், அப்போது அரை நாள்தான் தண்ணீர். பாத்தியில் தண்ணீர் ஏறி முடிவதற்குள் பின்னம் முழுவதும் அவன் தலைக்குள் ஏறிவிட்டது. நான் மூன்று வாரமாகப் போராடிய பாடம் அது.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். தகுதி இருந்தாலும் தனியாக நடத்தக்கூடிய காரியம் அல்ல இது. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நாளில் ஐந்தாறு ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் காலை முதல் இரவு வரை நீங்கள் ஒருவரே தாய், ஆசிரியர், சமையற்காரி, காவலாள். உங்கள் கணவர் எந்தப் பாடத்தை எடுக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாரத்தில் இரண்டு மாலையாவது அவர் பொறுப்பில் விடுங்கள். அவர் மஞ்சள் வியாபாரம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். மகனை ஒருமுறை ஏலத்துக்கு அழைத்துச் செல்லட்டும். விரலிக்கும் கிழங்குக்கும் விலை ஏன் வேறுபடுகிறது, குவிண்டால் விலையிலிருந்து ஒரு மூட்டையின் விலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: பாடத்தில் தவறு செய்தால் தண்டனையாக வேத வசனங்களைப் பத்து முறை எழுதச் சொல்கிறோம். வசனமும் மனப்பாடமாகிறது. இது சரிதானா?
– சத்தியமங்கலத்திலிருந்து ஒரு பெற்றோர்

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள். வசனம் மனதில் நிற்கும், அதோடு சேர்ந்து கசப்பும் நிற்கும். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளோடு பேசும்படிதான் உபாகமம் ஆறாம் அதிகாரம் பெற்றோருக்குச் சொல்கிறது. பேச்சாகக் கொடுக்க வேண்டியதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். 13 வயது மகள் ஏழாம் வகுப்புக்குப் பிறகு வீட்டிலேயே படிக்கிறாள். இது சட்டவிரோதம், சிறைக்குப் போவாய் என்று உறவினர் பயமுறுத்துகிறார்கள். அவளுக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?
– திருப்பூரிலிருந்து ஒரு தந்தை

பதில்: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பை அது அரசின்மேல் வைக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டுக்கல்வியை அந்தச் சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவும் இல்லை. ஆகவே சிறை என்பது வெறும் பயமுறுத்தல். அதே சமயம், சட்டமே நமக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று நம்மவர்களில் சிலர் பேசுவதும் உண்மைக்கு மிஞ்சியது. மகள் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அவள் எழுதிய நோட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சான்றிதழுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழியாவது உட்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஒரே முறையில் எல்லாவற்றையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லாமல், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பிரித்து எழுதலாம். மற்றொன்று, நம் மாநிலத் தேர்வுத்துறையின் தனித்தேர்வர் வழி. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, அதில் தேறிய பின் உரிய வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போகலாம். இதில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலோ, தமிழ்வழியில் அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்தவர்களுக்கு உரியதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இவை கிடைக்க வழியில்லை. சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்துகிற நமக்கு இது சிறிய இழப்பு அல்ல. மகளையும் உட்காரவைத்து, மூன்று பேருமாகப் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: என் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. வெளியில் விட்டால் கெட்டுப்போவார்கள், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தால் விசுவாசம் குறையும் என்கிறார்கள். யாராவது வந்தால் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். நான் சொன்னால் மருமகள் வருத்தப்படுகிறாள்.
– தாராபுரத்திலிருந்து ஒரு பாட்டி

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. உங்கள் மருமகளின் கையில் இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். மீதியை அவளுக்கே எழுதுகிறேன்.

மகளே, இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவ கிருபையிலும் வளர்ந்தார் என்று சொல்லும் லூக்கா, மனுஷர் தயவிலும் வளர்ந்தார் என்பதையும் அதே வசனத்தில் சேர்த்தே சொல்கிறார். மனிதர்களைக் காணாத பிள்ளை அதில் எப்படி வளரும்? இந்த மண்ணில் நாம் சிறு கூட்டம். நம் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்யப்போவதும் வாங்கப்போவதும் விற்கப்போவதும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடுதான். ஓய்வுநாள் பாடசாலை மட்டும் போதும் என்று எண்ணாதே. அங்கே எல்லாரும் நம்மவர்களே. ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக்கு. மாலை 5 மணிக்குத் தெருப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அவர்களை விட்டுவிட்டு, நீ சற்றுத் தள்ளி நின்றுகொள். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வெள்ளோடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போங்கள். நொய்யல் கரையில் கொடுமணலுக்குப் போய், பழங்காலத்தில் மணிக்கற்களைப் பட்டை தீட்டித் துளையிட்ட இடம் இது என்று காட்டுங்கள்.

இன்னொன்று, பள்ளிக்கூடத்தைப் பாவத்தின் இருப்பிடம்போல் பிள்ளைகள் முன்னால் பேசாதே. லண்டன் மிஷன் சங்கத்தார் 1830இல் கோயம்புத்தூரில் ஊழியம் தொடங்கியபோது, சபையோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே வளர்த்தார்கள். நம் குடும்பங்களில் முதன்முதலாக எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் பலர் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள்தான். உன் மாமியாரை எதிர்க்கட்சியாக எண்ணாமல், தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிடு. அவருக்குத் தெரிந்த கீர்த்தனைகளும் ஊர்க் கதைகளும் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காது.

கேள்வி: எங்களுக்குப் பிறந்திருக்கும் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்க விரும்புகிறோம். யாரைக் கேட்டாலும் கஷ்டத்தையே சொல்கிறார்கள். சந்தோஷம் எதுவும் இல்லையா?
– பொள்ளாச்சியிலிருந்து ஓர் இளந்தம்பதியர்

பதில்: இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் கிணற்றின்மேல் சாய்ந்திருந்த தென்னை மட்டையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. என் மகள் 20 நாள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை, நானும் விட்டுவிட்டேன். ஆண் குருவி ஓலையைக் கிழித்துக் கிழித்து எடுத்துவந்து முடிச்சுப் போடுவதையும், கூடு பாதி எழுந்ததும் பெண் குருவி வந்து உள்ளே எட்டிப் பார்ப்பதையும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவதையும் நாள்தோறும் படமாக வரைந்து வைத்தாள். பாதியில் கைவிடப்பட்ட கூடு ஒன்று கீழே விழுந்தபோது, அதை எடுத்துக்கொண்டு கண் தெரியாமல் போயிருந்த தன் அப்பாருவிடம் ஓடி, அவர் விரலைப் பிடித்து ஒவ்வொரு முடிச்சிலும் வைத்து வைத்துக் காட்டினாள். அவரும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். பள்ளிக்குப் போயிருந்தால் அந்தக் காலை நேரங்கள் அவர்கள் இருவருக்கும் கிடைத்திருக்காது. எத்தனையோ நாட்கள் களைத்து விழுந்திருக்கிறேன். ஆனாலும் கர்த்தர் எங்களுக்குக் கொடுத்த இந்த நாட்களுக்காக இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நான்கு ஆண்டுகளாக வீட்டில் படிக்கிறாள். இப்போது பள்ளிக்குப் போக வேண்டும், தோழிகள் வேண்டும் என்று அழுகிறாள். நான் இரவில் தையல் வேலையும் செய்கிறேன், உடம்பு தாங்கவில்லை. ஆனால் தேவனுக்கென்று தொடங்கிய காரியத்தை இடையில் விட்டால் பாவமாகாதா?
– நாமக்கல்லிலிருந்து ஒரு தாய்

பதில்: பாவமாகாது, சகோதரி. என் மகளும் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்குப் போனவள்தான். அனுப்பிய முதல் நாள் நான் அழுதேன். அவள் மாலையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்து இறங்கினாள். காலை ஜெபமும் இரவுச் சாப்பாட்டின்போது நடக்கும் பேச்சும் எங்களிடமேதான் இருந்தன. எதையும் நாங்கள் இழந்துவிடவில்லை. உங்கள் மகள் வாய்விட்டுக் கேட்கிறாள், உங்கள் உடம்பும் கேட்கிறது. இரண்டுக்கும் செவிகொடுங்கள்.

நான்கு ஆண்டுகள் பள்ளிக்குப் போகாதவளை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று தயங்க வேண்டாம். நான் மேலே சொன்ன அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, பின்தங்கிய பாடங்களுக்குத் தனிப் பயிற்சியும் அளிக்க வேண்டும் என்கிறது. கல்வியாண்டின் இடையில் போனாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஆகவே ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரமே பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் பள்ளிப் பையை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.