சிறிய கல்லூரியில் மல்யுத்தம்: நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: தக்கலை வட்டாரத்தில் உள்ள ஒரு கலை, அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றுகிறேன். மாணவ மாணவியர் ஏறத்தாழ 900 பேர். கபடி, கைப்பந்து, தடகளம் ஆகியவை எங்களிடம் உள்ளன. ஆனால் பெரிய கல்லூரிகளுடன் மோதும்போது முதல் சுற்றைத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. மல்யுத்தத்தைச் சேர்க்கலாம் என நினைக்கிறேன். அமெரிக்காவில் சிறு கல்லூரிகள் பல மல்யுத்த அணி தொடங்கி மாணவர் சேர்க்கையை உயர்த்திக்கொண்டதாகப் படித்தேன். எங்கள் தாளாளர் விளையாட்டில் அக்கறை உள்ளவர்தான். ஆயினும் செலவு, காயம், பெற்றோரின் தயக்கம் ஆகிய மூன்றையும் நிச்சயம் எழுப்புவார். எதைச் சொல்லி அனுமதி பெறுவது?

பதில்: நீங்கள் படித்த அமெரிக்க வாதத்தை முதலில் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே சிறு தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் மாணவர் செலுத்தும் கட்டணத்தை நம்பியே இயங்குகின்றன. கட்டணமும் விடுதிச் செலவும் மிக அதிகம். உயர்நிலைப் பள்ளிகளில் மல்யுத்தம் பரவலாக இருப்பதால், நல்ல பயிற்சியாளர் ஒருவரை நியமித்தால் அவர் இருபது முப்பது மாணவர்களைத் தேடி அழைத்து வருகிறார். அவர்கள் கட்டும் பணத்தில் அவருடைய ஊதியமும் பாயின் விலையும் ஈடாகிவிடுகின்றன. குமரி மாவட்டத்தில் பள்ளியில் மல்யுத்தம் பழகிவிட்டுக் கல்லூரி தேடி நிற்கும் மாணவர் கூட்டம் கிடையாது. அரசு உதவி பெறும் பாடப்பிரிவுகளில் இடங்களும் கட்டணமும் வரையறுக்கப்பட்டவை. கணக்குப் பார்க்கத் தெரிந்த தாளாளர் இந்த வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் சரியான காரணங்களும் அவர் காதில் ஏறாது. நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்ற பட்டம் இருந்தது, நம் மண்ணில் மற்போர் பழையது என்ற முன்னுரையும் வேண்டாம். ஆண்டு விழா மேடைக்கு அது பொருந்தும். வரவு செலவுக் கூட்டத்தில் உதவாது.

உங்களுடைய வலுவான வாதம் எடைப் பிரிவில் இருக்கிறது. கபடிக்குக் களத்தில் எழுவர், மாற்று வீரர் ஐவர் எனப் பன்னிருவர் தேவை. அவர்களில் நால்வர் சுமாராக இருந்தாலும் அணி விழுந்துவிடும். மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரி தன் பன்னிருவரைத் தேர்ந்தெடுப்பதும் தொள்ளாயிரம் பேரிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. மல்யுத்தத்திலோ ஒவ்வொரு எடைப் பிரிவும் தனிப் போட்டி, தனிப் பதக்கம். உலக மல்யுத்த அமைப்பின் முறைப்படி கால்களையும் பிடிக்க அனுமதியுள்ள ஃப்ரீஸ்டைல் பாணியில் ஆண்களுக்கு 57 கிலோ முதல் 125 கிலோ வரை பத்துப் பிரிவுகளும், பெண்களுக்கு 50 முதல் 76 கிலோ வரை பத்துப் பிரிவுகளும் உள்ளன. ஒலிம்பிக்கில் இவை ஆறாகச் சுருங்கும். கபடித் தேர்வில் ‘உடம்பு போதாது’ என்று திருப்பி அனுப்பப்பட்ட 56 கிலோ மாணவன் இங்கே தன் எடைக்காரனோடு மட்டுமே மோதுகிறான். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ரவி குமார் தஹியா வென்ற வெள்ளியும், 2024-இல் பாரிஸில் அமன் ஷெராவத் வென்ற வெண்கலமும் 57 கிலோ பிரிவில் கிடைத்தவையே. நல்ல மல்யுத்த மாணவர் நால்வர் இருந்தால் சிறிய கல்லூரிக்கு நான்கு வாய்ப்புகள். கபடியில் நால்வரை வைத்துக்கொண்டு களத்தில் இறங்கவே இயலாது. தாளாளரிடம் முதல் பக்கத்தில் இதை மட்டும் எழுதுங்கள்.

ஆனால் எந்த அளவில் பதக்கம் என்பதில் அடக்கம் வேண்டும். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் வென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம்பெறுவது இரண்டு ஆண்டு உழைப்பில் எட்டக்கூடிய இலக்கு. தென்கோடியில் கபடிக்கும் கைப்பந்துக்கும் இருக்கும் நெரிசல் மல்யுத்தத்துக்கு இல்லை. அதற்கு அடுத்த படியான அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில், பத்து வயதிலிருந்து அகாடா எனப்படும் மல்யுத்தக் கூடங்களில் புரண்டு வளர்ந்த ஹரியானா மாணவர்கள் எதிரே நிற்பார்கள். அங்கே ஒரு சுற்று வென்றாலே பெரிது. அதனால் விண்ணப்பத்தில் தேசியப் பதக்கம் என்ற சொல்லே வேண்டாம். பல்கலைக்கழக அளவிலான பரிசுகளையும், கல்லூரிகளின் தரத்தை அளவிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீடு மாணவர் சார்ந்த பிரிவில் கணக்கில் கொள்கிறது என்பதைச் சொன்னால் போதும். ரயில்வே, ராணுவம், துணை ராணுவப் படைகள் மல்யுத்த வீரர்களை வேலைக்கு எடுப்பது உண்மை. ஆனால் அந்த வேலைகள் தேசிய அளவில் தேறியவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கும் என்பதால், அதை அழுத்திச் சொல்லிப் பெற்றோருக்கு ஆசை காட்டாதீர்கள்.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் கல்வியாண்டில் பல்கலைக்கழகம் மல்யுத்தத்தைப் போட்டியாக நடத்துகிறதா, அல்லது தேர்வு மட்டும் வைத்து அணியை அனுப்புகிறதா, பெண்களுக்கும் உண்டா, எந்த எடைப் பிரிவுகள் என்பவற்றைப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கி இணைக்க வேண்டும். போட்டியே இல்லாத விளையாட்டுக்கு எந்த நிர்வாகமும் பணம் ஒதுக்காது.

மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று தாளாளர் கேட்டால், உங்கள் கபடி மைதானத்தைக் காட்டுங்கள். கணுக்காலைப் பிடிப்பது, தொடையைக் கட்டுவது, எதிராளியின் எடையைத் தாங்கி நிலை குலையாமல் நிற்பது ஆகியவை கபடிக்காரர்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை; ஃப்ரீஸ்டைலில் கால் தாக்குதலுக்கு இதே உடல் அறிவுதான் அடிப்படை. ஜூடோ பழகிய மாணவர் கிடைத்தால் இன்னும் நல்லது. மாவட்டத்தில் அடிமுறையும் சிலம்பமும் கற்ற பிள்ளைகளுக்குக் காலடி ஒழுங்கும் அஞ்சாமையும் இருக்கும். ஆனால் அடிமுறையின் அடியும் வர்மப் பிடியும் மல்யுத்தத்தில் அனுமதிக்கப்படாதவை. எனவே, ஆசான் ஒருவர் உள்ளூரில் இருக்கிறார், அவரே கற்றுக்கொடுக்கட்டும் என்று யாராவது யோசனை சொன்னால், மரியாதையுடன் மறுத்துவிடுங்கள். கிரேக்க-ரோமன் பாணியை இப்போதைக்குத் தொட வேண்டாம். இடுப்புக்குக் கீழே பிடிக்கத் தடையுள்ள அந்தப் பாணியில் மேலுடல் வீச்சுகள் அதிகம்; புதியவர்களுக்குக் கழுத்து, தோள் ஆபத்தும் அதிகம்.

இப்போது செலவு. பெரும்பாலானோர் முதலில் பாய்க்குத்தான் பணம் கேட்கிறார்கள். நான் பயிற்சியாளரை முதலில் கேட்கச் சொல்வேன். பாய் இருந்து பயிற்சியாளர் இல்லாத கல்லூரியில் ஒரு பருவத்துக்குள் யாருக்காவது தோள் இறங்கும். பிறகு அந்தப் பாய் யோகா தினத்துக்கு மட்டும் விரிக்கப்படும். பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் பெற்றவரே முதல் தெரிவு. அப்படிப்பட்டவரைச் சென்னையில் தேடுவதைவிட திருவனந்தபுரத்தில் தேடுவது உங்களுக்கு எளிது. அங்கே காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அதன் வழியாக விசாரித்து, வாரம் மூன்று நாள் ரயிலில் இரணியல் வந்து போகக்கூடிய ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்த முயலுங்கள். தமிழும் மலையாளமும் சேர்ந்து புழங்கும் உங்கள் பகுதியில் மொழி ஒரு தடையாக இராது. மீதி நாட்களை நீங்கள் கவனிக்க வேண்டியிருக்கும் என்பதால், பாட்டியாலா நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சிக்குக் கோடை விடுமுறையில் உங்களை அனுப்புமாறு அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். முதல் இரண்டு மாதம் விழும் முறை, நிற்கும் நிலை, கழுத்து வலு, எதிராளியின் காலைப் பிடிக்க உள்ளே நுழையும் காலடி ஆகியவை மட்டுமே. நேரடி மோதல் கிடையாது என்பதையும் எழுதிவையுங்கள். காயம் பற்றிய கேள்விக்கு அதுவே பாதிப் பதில்.

போட்டிப் பாய் 12 மீட்டர் சதுரம். அதன் நடுவே 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை. 8 மீட்டர் சதுரத்தில் நான்கு ஜோடிகள் ஒரே நேரத்தில் பழகலாம். மூன்று விற்பனையாளரிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். மேலுறையின் தையல் இணைப்புகளை நேரில் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இடம் பற்றித்தான் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் குமரி மாவட்டத்தின் மழை இந்த விளையாட்டுக்கு உண்மையான எதிரி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே உங்களை நனைப்பதால், ஜூன் முதல் டிசம்பர் வரை சிமெண்டுத் தரை ஈரம் கசியும்; நேராகத் தரையில் விரித்த பாயின் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். மரப்பலகை மேடை அல்லது காற்றோடும் அடித்தளம் அமைத்து, வாரம் ஒருமுறை பாயைப் பிரித்து நிமிர்த்தி உலர்த்தும் ஏற்பாடு வேண்டும். தரைத்தளத்துக் கிடங்கு அறையை ஒதுக்குகிறோம் என்றால் ஏற்காதீர்கள். இருபுறமும் சன்னல் உள்ள மாடி அறை சிறியதானாலும் மேல்.

அந்த ஈரத்தின் தொடர்ச்சிதான் தோல் நோய். மல்யுத்தத்தில் எலும்பு முறிவைவிட அடிக்கடி பயிற்சியை நிறுத்துவது படர்தாமரை. ஒரு மாணவனின் முழங்கையில் தொடங்கியது பத்து நாளில் அணி முழுவதற்கும் பரவிவிடும். அதிலும் நம்மூரில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளே வளர்த்துவிடுகிறது. தோல் மருத்துவர் எழுதிய மருந்தைத் தவிர வேறெதையும் பூசக் கூடாது என்பதை அணி விதியாக்குங்கள். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் கை, கழுத்து, முகம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே பாயில் ஏற விடுங்கள்; புண்ணோ வட்டத் தடிப்போ இருப்பவர் அன்று ஓடட்டும், மோத வேண்டாம். நகம் வெட்டியிருக்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் பாயைத் துடைத்து உலர விட வேண்டும். துடைக்கும் பணியாளரின் ஊதியத்தை இப்போதே செலவுக் கணக்கில் சேருங்கள். முடிந்தவுடன் குளிப்பதற்குத் தண்ணீர் வசதி இல்லாவிட்டால் மற்றவை அனைத்தும் வீண்.

காயம் நேரும் விளையாட்டுகளில் மல்யுத்தம் முன்வரிசையில் இருப்பது என்பதை மறைக்காதீர்கள். முழங்கால், தோள், காதுமடல் ஆகியவை வழக்கமானவை. கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கி நிறுத்தாமல் அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும், தக்கலை அரசு மருத்துவமனையா ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா என்ற முடிவை ஆம்புலன்ஸ் பணியாளர் எடுப்பார் என்பதையும் எழுத்தில் வைத்து, விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து எடையைக் குறைப்பதில் இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்ப்பவர் கவனிக்க மாட்டார். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் போட்டிக்காக உடல் நீரை வற்றவைத்து எடை குறைக்கும் முயற்சியில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பிறகே அங்கே வியர்க்க வைக்கும் ரப்பர் ஆடைகளுக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டி நாளன்று நூறு கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்ததை உங்கள் மாணவர்கள் அறிவார்கள். அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக இருந்துவிடக் கூடாது. முதல் ஆண்டில் யாரும் தன் இயல்பான எடைக்குக் கீழுள்ள பிரிவுக்கு இறங்கக் கூடாது, மாதந்தோறும் எடை பதிவேட்டில் ஏற வேண்டும் என விதி செய்யுங்கள். உணவுக்கு வட இந்திய வீரர்களின் பாலும் பாதாமும் நெய்யும் தேவையில்லை. சாளை மீன், முட்டை, பயறு, மரச்சீனி, ஏத்தன்பழம் என உள்ளூரில் கிடைப்பவையே போதும். மாலைப் பயிற்சிக்குப் பின் ஒருவேளை உணவைக் கல்லூரி கொடுத்தால், பேருந்து பிடித்து இரவு எட்டு மணிக்கு வீடு சேரும் மாணவர் பயிற்சியை விட்டு நழுவ மாட்டார்.

மாணவியரைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2004 ஏதென்ஸிலிருந்து பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் உள்ளது. 2016-இல் ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் 2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தைத் தேசியப் போட்டியாக ஏற்றது. ஆனால் பெற்றோர் நினைவில் இருப்பது 2023-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகாருடன் அமர்ந்த காட்சி. அந்தக் கவலை நியாயமானது. அதற்கு ஏற்பாட்டின் வழியாகத்தான் பதில் சொல்ல முடியும். மாணவியர் பயிற்சியின்போது பெண் ஆசிரியர் ஒருவர் எப்போதும் அறையில் இருக்க வேண்டும். வெளியூர்ப் பயணத்தில் பெண் மேலாளர் இன்றி அணி புறப்படக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் உள்ள உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் பெயரும் எண்ணும் பயிற்சி அறைச் சுவரில் இருக்க வேண்டும். உடை பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள்: பயிற்சிக்கு முழுக்கால் இறுக்க உடையும் டி-ஷர்ட்டும் போதும், ஒற்றை உடுப்பான சிங்லெட் போட்டியன்று மட்டும்.

விண்ணப்பத்தை மூன்று ஆண்டுச் சோதனைத் திட்டமாக எழுதுங்கள். முதல் ஆண்டு பயிற்சியாளரும் சிறு பாயும், பன்னிரண்டு பேருக்கு மேற்படாத அணியும். இரண்டாம் ஆண்டு பல்கலைக்கழகப் போட்டி. மூன்றாம் ஆண்டின் முடிவில் எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், எத்தனை காயங்கள், அணியினரின் தேர்ச்சி எப்படி என்ற பதிவேட்டைப் பார்த்து நிர்வாகம் நிறுத்தவும் செய்யலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளியேற வழி உள்ள திட்டத்துக்கு ஒப்புதல் தருவது எவருக்கும் எளிது. உள்மதிப்பீட்டுத் தேர்வுடன் பயணத் தேதி மோதினால் அதை மீண்டும் எழுத அனுமதி உண்டா என்பதை முதல்வரிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய குறிப்பையும் இணைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான நிதி ஒதுக்கீடு முடிவாகும் முன், மார்ச் மாதத்துக்குள், கபடி அணியிலிருந்து விருப்பம் தெரிவித்த மாணவர்களின் பெயர், எடை, பெற்றோர் கையொப்பம் அடங்கிய பட்டியலோடு தாளாளரைச் சென்று பாருங்கள்.