வாலாட்டும் டிரெய்லர்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். சமீபத்தில் பழைய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) ஒன்று வாங்கினோம், சாமானோடு சேர்த்து சுமார் 6,000 பவுண்டு. ஐ-10 சாலையில் பெரிய லாரி எங்களைத் தாண்டினாலே டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடுகிறது, ஓட்டுகிற கணவருக்கு வியர்த்துவிடுகிறது. ஆட்டத்தைத் தடுக்கும் பார் மாட்டினால் போதும் என்கிறார்கள் கடையில். மாட்டலாமா?

பதில்: மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் டிரெய்லரைத் திறந்து எது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்பாரம் ஏறிய டிரெய்லரை எந்தப் பாரும் முழுசாகக் காப்பாற்றாது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது வண்டியோடு டிரெய்லரைக் கோக்கும் இணைப்பின் மேல், உட்கார வேண்டும், அதாவது உங்களுக்கு 600 முதல் 900 பவுண்டு. அது குறைந்தால், லாரி தள்ளுகிற காற்று பட்டதுமே ஆட்டம் தொடங்கிவிடும், வேகம் கூடக் கூட அது அடங்கவும் மறுக்கும்.

இதை ட்ரக் ஸ்டாப் எடைமேடையில் பார்த்துவிடலாம். டிரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு வண்டி மட்டும் ஒரு தடவை. இரண்டு தடவையும் வண்டியின் சக்கரங்கள் காட்டும் எடைக்குள்ள வித்தியாசம்தான் ஹிட்ச் எடை. எடையைப் பகிரும் ஹிட்ச் இருந்தால் அதன் கம்பிகளைத் தளர்த்திவிட்டு நிறுத்துங்கள். குறைவாக வந்தால், பின் பம்பரில் சைக்கிள் தொங்குகிறதா, தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறதா என்று தேடுங்கள். 40 கேலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல். அப்படியே எல்லாவற்றையும் முன்னால் அடுக்கிவிடவும் கூடாது, வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரப் பிடி போய்விடும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள, வண்டி தாங்கும் சுமை அளவில் ஹிட்ச் எடையும் சேர்த்தி.

டிரெய்லர் டயர்களில் காற்று குறைந்தாலும் ஆடும், அதைக் காலையில் ஓட்டுவதற்கு முன்பே பாருங்கள். அந்த டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் உச்சம், அதற்கும் கீழே போனால் நல்லது.

அப்புறம், ஆட ஆரம்பித்தால் கணவர் செய்ய வேண்டியது: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுப்பது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாமல் இருப்பது, வண்டியின் பிரேக்கை மிதிக்காமல் பிரேக் கன்ட்ரோலரின் (டிரெய்லர் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கருவி) கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுவது. வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போதே, சாலையைப் பார்த்தபடி அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பழகச் சொல்லுங்கள். கன்ட்ரோலரே இல்லையென்றால், பாருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை மாட்டுங்கள்.