துடுப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. எட்டு மாதங்களாக அகலமான கயாக் படகில் துடுப்புப் போடப் பழகிவருகிறேன். அடுத்த மாதம் 5 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பயிற்சியாளர் குறுகலான பந்தயப் படகைத் தருவதாகச் சொல்கிறார். வேகமாகப் போகிறது, ஆனால் ஏறி உட்கார்ந்தாலே ஆடுகிறது. எதில் போகட்டும்? எல்லோர் முன்னாலும் கவிழ்ந்துவிடுவேனோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: உங்கள் அகலமான படகிலேயே போங்கள். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஒலிம்பிக்கில் ஓடும் ஒற்றையர் கயாக் 5.2 மீட்டர் நீளம் வரை இருக்கலாம், எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது. அகலமோ 40 சென்டிமீட்டர் அளவுதான், ஏறக்குறைய நம் தோள் அகலம். அதில் நிலையாக உட்காரவே மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆடும் படகில் நீங்கள் போடும் துடுப்பில் பாதி, கவிழாமல் தாங்கிக்கொள்வதற்கே செலவாகிவிடும். முன்னே போக மிச்சம் என்ன இருக்கும்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் பந்தயத்தில் எனக்குப் பழக்கமில்லாத குறுகலான படகை இரவல் வாங்கி ஓட்டினேன். பயத்தில் துடுப்பை இறுக்கிப் பிடித்ததில், முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் முன்கைகள் கல்லாகிவிட்டன. வலது கட்டைவிரலின் உட்பக்கத்தில் தோல் கொப்புளித்து உரிந்தது. திரும்பும் மிதவை அருகே, என்னைக் கடந்து போன படகின் அலை பக்கவாட்டில் வந்து தூக்கியது. நான் பதறி இரண்டு கைகளையும் உயர்த்தினேன். துடுப்பிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வடிந்தது நினைவிருக்கிறது. அடுத்த கணம் தண்ணீருக்குள் இருந்தேன்.

அலை வரும்போது துடுப்பைத் தூக்கவே கூடாது. தூக்கத்தான் மனம் சொல்லும், ஆனால் தண்ணீரில் ஊன்றிய துடுப்புதான் உங்களுக்கு ஊன்றுகோல். ஆடும்போது துடுப்புப் போடுவதை நிறுத்தாமல், மெதுவாகவாவது போட்டுக்கொண்டே இருங்கள். மேலே இருக்கும் கையின் விரல்களை லேசாகத் திறந்துவிடுங்கள். கால்விரல் பக்கத்தில் துடுப்பை முழுவதுமாக அமிழ்த்தி, அதே பக்கத்துக் காலால் மிதிபலகையை அழுத்தி, இடுப்பைத் திருப்புங்கள். துடுப்பு இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது வீண் உழைப்பு. கையால் மட்டும் இழுப்பவர்கள் பாதி வழியிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

தொடக்கத்தில் எல்லோரும் பாய்ந்து போவார்கள். நீங்கள் போகாதீர்கள். படகின் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிக சக்தி தேவைப்படும். அந்தக் கடனைக் கடைசிக் கிலோமீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் நின்று கிளம்புங்கள், நடுவில்தான் அலைகள் மோதிக்கொள்ளும். நெடுந்தூரப் பந்தயங்களில் அனுபவசாலிகள் பக்கத்துப் படகின் அலைச்சரிவில் தன் படகை வைத்துச் சக்தியை மிச்சப்படுத்துவார்கள். அழகான வித்தை அது, ஆனால் முதல் பந்தயத்துக்கு வேண்டாம். மிதவையை ஒட்டித் திரும்பவும் வேண்டாம். அகன்ற வளைவாக, வெளிப்பக்கத்தில் நீண்ட துடுப்புகள் போட்டுச் சுற்றிவாருங்கள். சில நொடிகள் போனால் போகட்டும்.

கவிழும் பயத்துக்கு ஒரே மருந்து, பந்தயத்துக்கு முன்பே கவிழ்ந்து பார்ப்பதுதான். உயிர்காப்பு அங்கியோடு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஐந்தாறு முறை வேண்டுமென்றே கவிழுங்கள். படகுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க இடுப்பில் மூடுதுணி கட்டுபவரானால், அதன் முன்பக்க வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து இழுக்கும் அளவுக்குப் பழகுங்கள். வெளியே வந்ததும் படகை விடாதீர்கள், உடனே நிமிர்த்தவும் வேண்டாம். கவிழ்ந்த நிலையில் உள்ளே சிக்கிய காற்று அதை மிதக்கவைக்கும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நீந்துங்கள், அல்லது மீட்புப் படகுக்குக் காத்திருங்கள். அன்று என்னைக் கரைசேர்த்தவர், என்னைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்த போட்டியாளர் ஒருவர். அவருடைய இடமும் அதனால் பறிபோனது. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கேள்வி: கயாக்கும் கேனோவும் ஒன்றுதானா? கல்லூரி மாணவன் நான், நண்பர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பதில்: இல்லை தம்பி. கயாக்கில் கால் நீட்டி உட்கார்ந்து, இருமுனைத் துடுப்பால் இருபக்கமும் மாறிமாறிப் போடுவார்கள். பந்தயக் கேனோவில் ஒற்றைக்காலில் மண்டியிட்டு, ஒருமுனைத் துடுப்பால் ஒரே பக்கம் போடுவார்கள். கயாக், ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் வேட்டைக்காகத் தோலால் செய்த படகு. பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இரண்டும் பந்தயமாகச் சேர்ந்தன. மகளிர் கயாக் 1948 லண்டனில் சேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் காக்கவைத்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: எனக்கு 52 வயது. மகள் பந்தயத்தில் இறங்குகிறாள், என்னையும் அழைக்கிறாள். இந்த வயதில் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980இல் 18 வயதில் கயாக்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2004 ஏதென்ஸில், 42 வயதில், நால்வர் கயாக்கில் மீண்டும் தங்கம். இடையில் வென்றவற்றையும் சேர்த்து மொத்தம் எட்டுத் தங்கம். அவர் வாழ்நாளெல்லாம் பயிற்சி செய்தவர், அந்த ஒப்பீடு நமக்குப் பொருந்தாது. ஆனாலும் மரத்தில் ஏறுவதுபோல் மூட்டுகளைப் பாடாய்ப் படுத்தும் விளையாட்டு அல்ல இது. உட்கார்ந்து செய்வது. இதயத்தையும் தோள்பட்டையையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் சரியென்றால், முதல் தடவை இருவர் கயாக்கில் மகளை முன்னால் உட்காரவைத்து, அவள் போடும் தாளத்துக்கு நீங்கள் பின்னாலிருந்து துடுப்புப் போடுங்கள்.