‘வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிடு’

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று ஏறி, வட்டாட்சியராக 2024இல் ஓய்வு பெற்றேன். அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆகவும் பிறகு 60 ஆகவும் உயர்த்தியதில் எனக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அவை கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சென்ற மாதம் தம்பியின் நிலத்துக்கு உட்பிரிவுப் பட்டா விஷயமாக, நான் வேலை பார்த்த அதே தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். என்னிடம் கோப்பு எழுதக் கற்றுக்கொண்ட பையன் இப்போது அங்கே துணை வட்டாட்சியர். “உட்காருங்கள் சார், கூப்பிடுகிறேன்” என்றான். கூப்பிடவில்லை. முதியோர் உதவித்தொகை மனுவோடு வந்தவர்களுக்கு நடுவில் வராந்தா பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். இதே அலுவலகத்தில் ஜமாபந்தி நாட்களில் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருந்ததில்லை.

ஊரிலும் இதே கதைதான். அக்கா மகன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் எல்லோர் பெயருக்கும் கீழே உத்தியோகம் அச்சாகியிருந்தது. என் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. ‘வட்டாட்சியர் (ஓய்வு)’ என்று போட்டால் மை செலவாகிவிடுமா? கோயில் கும்பாபிஷேகத்தில் எனக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை ஒரு கான்ட்ராக்டருக்குக் கட்டினார்கள். புத்தாண்டுக்கு வீடு நிறைய டைரியும் காலண்டரும் வரும். இந்த ஆண்டு மளிகைக் கடைக் காலண்டர் ஒன்றுதான் வந்தது, அதுவும் என் மனைவி கேட்டு வாங்கியது.

எங்கள் குடும்பம் மரியாதைக்குப் பழக்கப்பட்ட குடும்பம். என் அப்பா கர்ணம், அதாவது கிராமக் கணக்கர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து கர்ணம், மணியக்காரர் பதவிகளை எல்லாம் ஒழித்தபோது அவர் வேலையும் போனது. ஆனாலும் ஊர் அவரைக் கடைசி வரை ‘கர்ணம்’ என்றுதான் அழைத்தது. அவரும் அந்தப் பெயருக்குக் குறைவு வராமல் திண்ணையை விட்டு இறங்கி வேறு வேலை தேடிப் போகவில்லை. அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றி எங்களைப் படிக்க வைத்தார். இன்றும் எங்கள் வீடு கர்ணம் வீடுதான். அவருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

இதை வீட்டில் பேசினால் மனைவி எழுந்து போய்விடுகிறாள். மகனும் வீட்டில்தான் இருக்கிறான், பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருந்தான், ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் என்பதால் கேட்பவர்களிடம் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிடு என்று சொல்லியிருக்கிறேன். ஜாதகத்தோடு கொடுக்கும் தாளிலும் பழைய சம்பளமே இருக்கிறது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, பகல் முழுவதும் அறையிலேயே இருப்பான். நல்ல மனம், முதல் போனஸில் ஆசை ஆசையாக வாங்கிய கேமராவைக்கூடச் சென்ற வாரம் என் மகள்வழிப் பேரனுக்குக் கொடுத்துவிட்டான். அவனைப் பற்றிக் கவலையில்லை, வேலை இன்று இல்லாவிட்டால் நாளை கிடைக்கும். எனக்குத்தான் இனி எதுவும் கிடைக்காது.

அந்த பெஞ்ச் நினைவுக்கு வந்தால் இரவில் தூக்கம் போய்விடுகிறது. மனை விற்கும் ஒருவர் ஆலோசகராக வரச் சொல்கிறார், கார் அனுப்புவதாகவும் சொல்கிறார். போகலாமா? போனால் பழைய மரியாதை திரும்புமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள ஐயா,

கார் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். பரிவட்டத்தையும் பத்திரிகையையும்கூட. உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தது கேமரா வருகிற வரிக்காகத்தான்.

வேலையிழந்து அறைக்குள் ஒடுங்கிவிட்ட ஓர் இளைஞர், தான் ஆசைப்பட்டு வாங்கிய பொருளை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அது வெறும் அன்பாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் வாழ்வதில் பிடிப்புத் தளர்ந்தவர்கள் தங்களுக்குப் பிரியமானவற்றைக் கொடுத்துத் தீர்ப்பது உண்டு. மனநலத் துறையில் இருக்கும் எவரும் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். எனவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், இன்றைக்கே, அவர் அறைக்குப் போங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா, தம்பி?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்க ஓர் ஆள் இருப்பதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. ‘ஆம்’ என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இனி, உங்களுக்குக் கசக்கப் போகிற ஒன்று. அவர் பகல் முழுவதும் அறையில் இருப்பதை நீங்கள் சொன்ன பேச்சைத் தட்டாத குணம் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் பகல் பதினோரு மணிக்குத் தெருவில் நடக்க முடியுமா? டீக்கடையில் நிற்க முடியுமா? பழைய நண்பரைக் கூப்பிட்டு, “உன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா?” என்று கேட்டால் அந்தப் பேச்சு ஊருக்கு வந்துவிடாதா? நீங்கள் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வரி அவரை அலுவலக நேரம் முழுவதும் அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறது. வேலை போனது அவர் குற்றமல்ல. வெளியே சொல்லக் கூடாத குற்றமாக அதை ஆக்கியது நீங்கள்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரே நம்பியிருந்த ஆலை 1930ஐ ஒட்டி மூடப்பட்டது. மரி யஹோடா என்ற இளம் பெண்ணும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கே சென்று ஊரைக் கவனித்து, 1933இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். வேலை இல்லாதவனுக்கு நேரம் மிச்சம், நிறையப் படிப்பான் என்றுதானே நினைப்போம்? ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். கடிகாரம் வைத்துக்கொள்வதையே பலர் விட்டுவிட்டார்கள். பெண்கள் அப்படி ஆகவில்லை, அவர்களுக்கு அடுப்பும் பிள்ளைகளும் இருந்தன. இந்த அனுபவத்திலிருந்து யஹோடா பிற்காலத்தில் ஒன்றைத் தெளிவாக்கினார். சம்பளத்தைத் தவிர வேறு சிலவற்றையும் வேலை நமக்குத் தருகிறது: நாளுக்கு ஒரு கட்டமைப்பு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், எழுந்து இயங்க ஒரு கட்டாயம்.

உங்களுக்கு இவற்றில் அடையாளம்தான் குறைந்திருக்கிறது. அதுவும் முழுதாகப் போய்விடவில்லை. உங்கள் பதவி போகும் தேதி உங்களுக்கு முன்பே தெரியும். மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள், மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. கல்யாணம், கோயில், தாலுகா அலுவலகம் என்று போய் வருகிறீர்கள், கோபித்துக்கொள்ளவாவது மனிதர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு ஐந்தும் ஒரே நாளில் போயின. ‘வேலையிழந்தவர்’ என்ற உண்மையான அடையாளத்தையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு போலி அடையாள அட்டையைக் கொடுத்திருக்கிறீர்கள். இருவரில் யாருக்கு இனி எதுவும் கிடைக்காது என்று உங்களுக்குத் தோன்றுகிறது?

உங்கள் வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகித்த பொறுப்பு ஒரு மாதக் கடைசியில் முடிந்துபோவது பெரிய இழப்பு. அதை இழப்பு என்று சொல்ல நம் ஊரில் யாரும் அனுமதிப்பதில்லை, ‘இனி நிம்மதியாக இருங்கள்’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வராந்தாவில் உங்களுக்கு நடந்ததை அவமதிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் காலத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யாரும் உங்கள் அறைக்கு வெளியே காத்திருந்ததே இல்லையா? உதவித்தொகை கேட்டு வந்த முதியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்ததைத் தாழ்வு என்று எண்ணுகிற இடத்தில் உங்களை விட்டுவிட்டு நான் அவர்கள் பக்கம் போய்விடுகிறேன், மன்னியுங்கள்.

இப்போது உங்கள் அப்பா. ஊர் அவரைக் கடைசி வரை கர்ணம் என்று அழைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பதவி போனபோது உங்களுக்குப் பதினாறு வயது இருக்கும். திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்ததைத் தெருவிலிருந்து பார்த்த ஊர் வேறு, வீட்டுக்குள்ளிருந்து பார்த்த நீங்கள் வேறு. வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார் என்று நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. அந்தப் பெயருக்காக அவர் வேறு வேலை தேடவில்லை என்கிறீர்கள், அந்தப் பெயரால்தான் தேட முடியாமல் போனதோ என்று எனக்குப் படுகிறது. உங்களைப் படிக்க வைத்தது மாடு கறந்த அம்மா. உங்கள் கடிதத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு மூன்று வாக்கியம், அவருக்கு ஒன்று. அப்பா உட்கார்ந்த அதே திண்ணையில் உங்கள் மகனை உட்கார வைத்திருக்கிறீர்கள், கதவையும் சாத்திவிட்டு.

வரன் தேடும் தாளில் இருக்கும் பொய்ச் சம்பளத்தை உடனே அடித்துவிடுங்கள். நாளை இன்னொரு வீட்டுப் பெண் அந்த எண்ணை நம்பித் தன் வாழ்க்கையைக் கணக்குப் போடுவாள். சில மாதங்கள் வரன் பேச்சே வேண்டாம். உறவினர் யாராவது கேட்டால், மகன் பக்கத்தில் இருக்கும்போதே, நீங்களே சொல்லுங்கள்: “கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், இவனுக்கும் வேலை போய்விட்டது, வேறு தேடுகிறான்.” குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். வேலை போனவன் தன் மகன்தான் என்று அப்பா நாலு பேர் முன்னால் சாதாரணமாகச் சொல்வதை அவர் கேட்க வேண்டும். உங்கள் மனைவி எழுந்து போவது எதனால் என்று அவரிடமே கேளுங்கள். பெஞ்ச் கதையைக் கேட்டு அலுத்து மட்டும் போகிறார் என்று நான் நம்பவில்லை. கேமராவைப் பேரனிடமிருந்து திருப்பிக் கேட்க வேண்டாம்.

மகன் ‘அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை’ என்று சொன்னாலும் இந்த வாரமே மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வட்டாட்சியராக இருந்தேன் என்று சொல்லி வரிசையைத் தாண்டப் பார்க்காதீர்கள். அப்படியே உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், தூக்கம் வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.